காமாலையும் கணக்குப் பரீட்சையும்

என் அக்கா மகளுக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் சிலர் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் முகத்தைப் பார்ப்பதில்லை, கண்ணின் வெள்ளையைத்தான் பார்க்கிறார்கள்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. காலையில் கண் விழித்ததிலிருந்து ஒலிபரப்பு தொடங்கிவிடும். பல் துலக்கும்போதுகூட நுரையோடு பேசுவாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா, என் அத்தான், வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் பள்ளியில் நடந்த அத்தனையும் அவர் காதில் ஏறியிருக்கும். "கொஞ்சம் நிறுத்தும்மா, காது வலிக்குது" என்பார். ஆனால் அவள் நிறுத்தினால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

படிப்பிலும் கெட்டிக்காரிதான். பள்ளி இறுதித் தேர்வு நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. பொறுப்பு வந்துவிட்டது என்று பெருமைப்பட்டோம். தூக்கம் குறைந்தது. விழுந்து விழுந்து படிக்கிறாள் என்றோம். சாப்பாடு குறைந்தது. பரீட்சை முடியட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றோம். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு பதில் இருந்தது. அவளிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

கணக்குப் பரீட்சையன்று பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டாள். கேட்டில் இருந்தவர் போன் செய்து, அக்கா ஓடிப்போய்ப் பார்த்தபோது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். கை இரண்டும் ஜில்லிட்டு, மூச்சு வாங்க முடியாமல். "எழுத்தெல்லாம் தெரியுதும்மா, உள்ளே போகமாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு இருந்த பரீட்சைகளுக்கு அவள் போகவில்லை. போகவில்லை என்ன, கட்டிலை விட்டே எழவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். வானொலி நின்று போயிற்று.

அப்போதுதான் அத்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். பள்ளியிலிருந்து போன் வந்தபோது, ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வாயில் என்ன வந்ததோ, "மஞ்சள் காமாலைங்க சார்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதுவே வசதியாகவும் போயிற்று. சொந்தக்காரர்களுக்குக் காமாலை. தெருவுக்குக் காமாலை. அவருடைய முதலாளிக்கும் காமாலை.

கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான் என்பார்கள். எங்கள் அத்தான் கெட்டிக்காரரும் இல்லை. காமாலை என்று கேள்விப்பட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்கு வைத்தியர் ஆகிவிட்டார்கள். எண்ணெய் ஆகாது என்று ஒருவர், புளிப்பு ஆகாது என்று ஒருவர். எதிர்வீட்டு அம்மா எதை எந்த வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரிய தாளில் எழுதி, எங்கள் சமையலறைச் சுவரில் தானே ஒட்டிவிட்டுப் போனாள். போகும்போது படுத்திருந்த பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, "இன்னும் மஞ்சள் இருக்கு" என்று வேறு சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு அவள் இமையை நான் இழுத்திருப்பேன். அக்கா கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

என் கோபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அவளுக்குச் சித்தி, அக்கா வீட்டோடு இருப்பவள், பஸ் கண்டக்டர். நாள் முழுக்க "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்தி என் குரலும் குணமும் ஒரே மாதிரி ஆகிவிட்டன. அக்கா எனக்கு நேர்மாறு. கடைகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள், பேசுவதைவிடத் தைப்பதே அதிகம். மகள் படுத்துவிட்டதும் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. தையல் மெஷினைக் கூடத்திலிருந்து இழுத்து வந்து மகளுடைய அறையில் ஜன்னலோரம் போட்டாள். அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். "ஏன்க்கா, அவளுக்குச் சத்தம் தொந்தரவா இருக்காதா?" என்று கேட்டேன். "இருக்கட்டும். நான் இங்கதான் இருக்கேன்னு தெரியணும்ல" என்றாள்.

மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அக்காதான். அத்தான் வண்டியை மருத்துவமனைக்கு ரொம்பத் தள்ளி நிறுத்தினார், யாராவது பார்த்துவிடுவார்கள் என்று. அந்த டாக்டரம்மா எங்கள் யாரையும் பார்த்துப் பேசவில்லை, பிள்ளையைப் பார்த்தே பேசினாள். மனச்சோர்வு, அதோடு பதற்றம், இரண்டுக்கும் மருந்து இருக்கிறது, மனம்விட்டுப் பேசவைக்கும் சிகிச்சையும் இருக்கிறது என்று விளக்கினாள். அத்தான் பொறுக்க முடியாமல், "அப்ப பரீட்சை, மேடம்?" என்றார்.

"பரீட்சை எங்கயும் ஓடிப் போயிடாது. முதல்ல தூக்கம், சாப்பாடு, தினமும் வெளியே கொஞ்சம். அப்புறம் படிப்புக்கு என்னென்ன வழி இருக்குன்னு எல்லாத்தையும் போய்ப் பாருங்க. ஆனா எது வேணும்னு அவதான் சொல்லணும்" என்றாள் டாக்டரம்மா.

மாத்திரையும் சிகிச்சையும் மெல்ல வேலை செய்தன. மெல்ல என்றால் மெல்லத்தான். நல்லாயிட்டாள் என்று நாங்கள் நினைத்த வாரம் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். அப்புறம் ஒரு நாள் எழுந்து தானே தலை வாரிக்கொள்வாள். "தினமும் வெளியே கொஞ்சம்" என்ற பங்கு என் தலையில் விழுந்தது. மத்தியானத்தில் என் வண்டியில் கூட்டம் இருக்காது. அவளை ஏற்றி முன் ஜன்னல் சீட்டில் உட்கார வைத்துவிடுவேன். பேச மாட்டாள். வெளியே பார்த்துக்கொண்டு வருவாள். எங்கள் டிரைவர் சிடுமூஞ்சி, யாரோடும் ஒட்டாதவர். அந்த மனிதர் இவள் உட்காருகிற பக்கத்துத் திரையை மட்டும் வெயிலுக்கு ஏற்றபடி இழுத்து விடுவார்.

அந்த நாட்களில் வழியில் ஒரு சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். தினமும் அங்கே வண்டி நின்றுவிடும். நெரிசலில் எல்லோரும் திட்டிக்கொண்டிருக்க, இவள் மட்டும் ஓரிடத்தையே பார்ப்பாள். தொப்பி போட்ட ஒரு பெண், மூன்று கால் ஸ்டாண்டில் நிறுத்திய கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டும், தூரத்தில் கோல் பிடித்து நிற்பவருக்குக் கை காட்டிக்கொண்டும் இருப்பாள். நில அளவைக்காரி.

ஒரு நாள் வண்டி நின்றதும் எங்கள் பிள்ளை எழுந்து, "சித்தி, நான் இறங்கி அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரட்டா?" என்றாள். "போ, போ, வண்டியை நான் பிடிச்சு வச்சுக்கறேன்" என்றேன். நெரிசலில் நிற்கும் வண்டியை நான் என்ன பிடித்து வைப்பது!

திரும்பி வந்தவள் முகத்தில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. நில அளவைக்கு டிப்ளமோ இருக்கிறதாம். நாள் முழுக்க வெட்டவெளியில் வேலையாம். சேர்வதற்குப் பள்ளி இறுதித் தேர்வு முடித்திருக்க வேண்டும். அதிலும் கணக்கில் கட்டாயம் பாஸ் ஆகியிருக்க வேண்டும்.

"கணக்குதான் சித்தி வேணுமாம்" என்றாள்.

எதைக் கண்டு எழுந்து ஓடினாளோ அதன் வழியாகத்தான் போக வேண்டும். அவள் போவாளா என்பதுதான் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த ஒரே கேள்வி.

டாக்டர் சொன்னபடி வழிகளைப் பார்க்கக் கிளம்பினோம். பழைய பள்ளியில் நல்லபடியாகத்தான் பேசினார்கள், மறுபடி அதே வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் அந்த வராந்தாவில் நடந்தபோதே அவள் உள்ளங்கை வேர்த்து என் கையெல்லாம் ஈரம். வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்தது ஒரு டுடோரியல். ஜன்னலெல்லாம் மூடியிருந்தது, காலையில் உள்ளே போனால் இருட்டும்போதுதான் வெளியே விடுவார்கள். அதை நடத்துகிறவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எங்ககிட்ட சேர்த்துட்டா மாடுகூட பாஸ் ஆயிடும்" என்றார்.

"அப்ப மாட்டையே சேர்த்துக்கங்க சார்" என்றாள் எங்கள் பிள்ளை.

அத்தானுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எனக்கோ அந்த டுடோரியல்காரரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. எத்தனை மாதம் கழித்து ஒரு குறும்பு! தெருவுக்கு வந்ததும் நான் சிரித்த சிரிப்பில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வீடு வரும்வரை அவள் அந்த மனிதரைப் போலவே சாய்ந்து சாய்ந்து நடித்துக் காட்டினாள்.

கடைசியில் பார்த்தது திறந்தநிலைப் பள்ளி. ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள். அங்கே எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. தயாரான பாடத்தை மட்டும் எழுதலாம், பாஸ் ஆனது பாஸ் ஆனதாகவே இருக்கும், மீதியை அடுத்த தடவை எழுதலாம். உடல்நிலையோ மனநிலையோ காரணமாகத் தேவைப்பட்டால் சின்ன அறை, கூடுதல் நேரம், நடுவில் எழுந்து போய்வர அனுமதி எல்லாம் கேட்கலாம். அவளே எல்லாவற்றையும் விசாரித்து, "இதுதான்" என்றாள். டாக்டரம்மாவும் கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

அனுமதிக்காகப் போன அன்றுதான் கூத்து நடந்தது. மேசைக்குப் பின்னால் ஒருங்கிணைப்பாளர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். டாக்டர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தானைப் பார்த்துச் சாதாரணமாகத்தான் கேட்டார். "போன தடவை ஏன் சார் பரீட்சையை முடிக்கல?"

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மஞ்சள் காமாலை மேடம்" என்றார்.

பழக்கதோஷம்! ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி நாக்கு அதற்கே பழகிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அன்றைக்கு நேரில் பார்த்தேன். அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கடிதத்தை மறுபடி படித்தார்.

"இதுல வேற என்னமோ எழுதியிருக்கே சார். டாக்டர் சொல்றதா, நீங்க சொல்றதா, எதை நான் மேலே அனுப்பட்டும்? காமாலைக்கெல்லாம் தனி ரூம் கிடையாது."

அத்தான் முகம் வெளிறிப்போயிற்று. இல்லை மேடம், வந்து மேடம் என்று இழுத்தார். எங்கே எல்லாம் கெட்டுவிடுமோ என்று நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து என் மணிக்கட்டை ஒரு கை அழுத்திப் பிடித்தது.

"டாக்டர் எழுதினதுதான் மேடம் நிஜம்" என்றாள் எங்கள் பிள்ளை. "எனக்கு மனசு சரியில்லாம போச்சு. பரீட்சை ஹால்ல மூச்சு முட்டி, கை மரத்து, எழுந்து வந்துட்டேன். அப்புறம் ரொம்ப நாள் படுத்தே கிடந்தேன். இப்ப மாத்திரை சாப்பிடறேன், பரவாயில்ல. பெரிய ஹால்னா இன்னும் பயம் இருக்கு. கதவு பக்கத்துல இடம் குடுத்து, முடியலன்னா வெளியே போய்ட்டு வர விட்டீங்கன்னா நான் எழுதுவேன்."

குரல் நடுங்கியது. ஆனால் ஒரு வார்த்தையைக்கூட விழுங்கவில்லை. நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து மூடி வைத்ததை அவள் பட்டப்பகலில் திறந்து வைத்துவிட்டாள். ஒருங்கிணைப்பாளர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவுதாம்மா எனக்குத் தெரிய வேண்டியது" என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.

படியில் இறங்கும்போது அத்தான் தலையே நிமிரவில்லை. "வாய் தவறிடுச்சும்மா" என்றார்.

"காமாலை உங்களுக்குத்தாம்ப்பா. அதான் பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுது" என்றாள் அவள்.

அந்த மனிதர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, தோள் குலுங்கியது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். நானும் பின்னாலேயே போனேன், விடுவேனா? "என் பொண்ணுக்குக் காமாலை இல்லைங்க. மனச்சோர்வு. டாக்டர்கிட்ட பார்த்துக்கிட்டிருக்கோம், பரீட்சை எழுதப் போறா" என்று ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். அந்த அம்மா வாயைப் பிளந்து நின்றாள். பிறகு, "அப்ப நான் ஒட்டின தாள் வீணா?" என்றாள். அவள் கவலை அவளுக்கு.

மற்றப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்தாள். சிலதில் நல்ல மார்க், ஒன்றில் மயிரிழையில் தப்பினாள். கணக்கை வேண்டுமென்றே கடைசியில் வைத்திருந்தாள். டிப்ளமோவுக்கான சேர்க்கை அந்தப் பருவத்தோடு முடிகிறது. தவறினால் அடுத்த வருடம் வரும், உலகம் அழிந்துவிடாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனால் மறுபடி ஒரு தடவை அந்தக் கணக்குப் பரீட்சையிலிருந்து எழுந்து ஓடினால், திரும்ப உட்காருவாளா என்பது யாருக்கும் தெரியாது.

அந்தப் பரீட்சையன்று மூன்று பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தேர்வு மையத்தின் எதிரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாதி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு திறந்து அவள் வெளியே வந்தாள். பின்னால் ஒரு கண்காணிப்பாளர் அம்மா. பிள்ளை முகத்தில் ரத்தமே இல்லை. அத்தான் துள்ளி எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்க."

"அவ கஷ்டப்படறாடி!"

"தெரியுது. உக்காருங்க. அவ கூப்பிடல."

அவள் குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள். சுவரில் முதுகைச் சாய்த்து, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி மெல்ல மூச்சை இழுத்து மெல்ல விட்டாள். உதடு எதையோ எண்ணியது. கண்ணைத் திறந்தபோது எங்களைப் பார்த்தாள். பார்த்து, உள்ளங்கையைக் காட்டினாள். வராதீங்க, இருங்க, என்று. பிறகு தாவணி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த கதவு வழியாகவே உள்ளே போனாள்.

தானாகப் போனாள். யாரும் தள்ளவில்லை, யாரும் கெஞ்சவில்லை. மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்த அத்தனை நாளும் வாயைத் திறந்து அழாத என் அக்கா, அந்தக் கதவு மூடியதும் என் தோளில் விழுந்து ஓவென்று அழுதாள். ரிசல்ட் எப்படி வந்தாலும் என் மகள் பாஸ் என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனாலும் மனம் கேட்கிறதா? ரிசல்ட் வரும்வரை எனக்குப் பாதித் தூக்கம்தான்.

ரிசல்ட் வந்தபோது நான் ஓடும் வண்டியில் இருந்தேன். நல்ல கூட்டம். போன் அடித்தது. எடுத்தால் அத்தான் குரல், அதுவும் பாதி விக்கல். "பாஸ். கணக்கு பாஸ்."

என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை, வாயில் இருந்த விசிலை நீளமாக ஊதிவிட்டேன். ஒரு விசில் என்றால் நிறுத்து என்று அர்த்தம். டிரைவர் நடுச்சாலையில் சடக்கென்று பிரேக் போட்டார். நின்றவர்கள் உட்கார்ந்தவர்கள் மடியில் சாய்ந்தார்கள். "என்னம்மா, பைத்தியமா உனக்கு?" என்று நாலா பக்கமும் சத்தம்.

"என் அக்கா பொண்ணு கணக்குல பாஸ்!" என்று கத்தினேன். "மனசு சரியில்லாம போய்ப் பரீட்சையைப் பாதியில விட்டுட்டு வந்த பிள்ளைங்க. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு, தனி ரூம்ல உட்கார்ந்து, ஒவ்வொரு பாடமா எழுதி இன்னைக்கு முடிச்சிட்டா. நில அளவை படிக்கப் போறா!"

முதலில் கை தட்டியது எங்கள் சிடுமூஞ்சி டிரைவர். ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டினார், ஹாரனையும் சேர்த்து அடித்தார். அதற்குப் பிறகு வண்டி முழுக்கக் கைதட்டல். "எவ்வளவு மார்க்?" என்று ஒருவர் கேட்டார். அதை நான் அத்தானிடம் கேட்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. கேட்கத் தோன்றவும் இல்லை.

இரண்டு விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் போட ஆரம்பித்தேன். கூட்டம் ஒவ்வொரு நிறுத்தமாகக் குறைந்தது. மருத்துவமனை நிறுத்தத்துக்கு டிக்கெட் வாங்கியிருந்த ஓர் அம்மா, அந்த நிறுத்தம் வந்தும் இறங்கவில்லை. "உங்க ஸ்டாப் வந்துடுச்சும்மா" என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். வண்டி அதைத் தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். யாருக்கும் கேட்காத குரலில் பேசினார்.

"எம் பையனும் பரீட்சை எழுதலம்மா. எல்லாருக்கும் டைபாய்டுன்னு சொல்லி வச்சிருக்கேன். அந்தப் பள்ளிக்கூடம் எங்க இருக்கு?"

நான் டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தேன். "உட்காருங்க, சொல்றேன்" என்றேன்.